தைரியம் என்கிற மூலதனம்

மகளிர் தினத்தையொட்டி ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நெருக்கடிக் காலத்தில் சிறுதொழிலை வழிநடத்துவது பற்றிப் பேச வேண்டும். மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ப்ளவுஸ் தையல் கடை வைத்திருக்கிறேன். ஐந்து மெஷின், ஒரு ஓவர்லாக், நான்கு பெண்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது; கடையைப் பூட்டினேன்; ஏப்ரலில் முகக்கவசம் தைத்தோம்; யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை; கடை பிழைத்தது. இதைத்தான் பேசினேன். ஒரு மாணவி எழுந்து, "இவ்வளவு தைரியம் எங்கேருந்து வந்துச்சு மேடம்?" என்று கேட்டாள். அம்மாவிடமிருந்து என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

பேருந்தில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. நான் சொன்னது என் கதையே அல்ல. பெண்கள் பத்திரிகைகளில் 'சாதனைப் பெண்' பக்கத்தில் இருபது வருடமாக நான் படித்துவரும் கதை அது. முதலில் ஒரு அடி, பிறகு அழுகை, பிறகு ஒரு முடிவு, பிறகு விருது. நடுவில் வேறு ஆட்களே வரமாட்டார்கள். வந்தாலும் நன்றி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தக் கதைகளில் சென்னையில் அதிகம் சொல்லப்பட்டது பேட்ரிசியா நாராயணுடையதாக இருக்கும். இரண்டு குழந்தைகளோடு பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியவர், 1982-ல் மெரினாவில் ஒரு தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 பைசா. 2010-ல் ஃபிக்கியின் பெண் தொழில்முனைவோர் விருது. '50 பைசாவிலிருந்து லட்சங்கள்' என்று தலைப்பு போட இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் அவரே சொன்னவற்றைக் கவனித்துப் படித்தால் வேறு சில தகவல்கள் கிடைக்கின்றன. அந்த வண்டி, மாற்றுத்திறனாளிகள் இரண்டு பேருக்கு வேலை தர வேண்டும் என்ற நிபந்தனையோடு, அப்பாவின் நண்பர் மூலம் வந்தது. கடற்கரையில் கடை போட அனுமதி வாங்க ஒரு வருடம் அலைந்திருக்கிறார். தொடக்கத்தில் பணம் கொடுத்தது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா. அவர் இதில் எதையும் மறைக்கவில்லை. மறைப்பது தலைப்புதான். அம்மாவின் சம்பளத்தையும் அரசு அனுமதியையும் அந்த இரண்டு உழைப்பாளிகளையும் தள்ளிவிட்டு 'தைரியம்' என்ற ஒற்றைச் சொல்லை மிச்சம் வைக்கிறது.

இதே ஊரில் இன்னொரு விதமாகவும் கதை சொல்லியிருக்கிறார்கள். ஜெயா அருணாசலம் 1978-ல் தொடங்கிய உழைக்கும் பெண்கள் மன்றத்தின் அலுவலகம் மயிலாப்பூரிலேயே இருக்கிறது. காங்கிரஸ்காரராக இருந்தவர், கட்சி அரசியலை விட்டுவிட்டு இதற்கு வந்தார். பூ, காய், இட்லி விற்கிற பெண்கள் காலையில் தண்டல் வாங்கி மாலையில் வட்டியோடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குழுவாகச் சேர்த்து, வங்கியில் 4 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக்கொடுத்தார்கள். வங்கிகளோடு மல்லுக்கட்டிச் சலித்து, 1981-ல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். இங்கே யாரும் யாருடைய தைரியத்தையும் விசாரிக்கவில்லை. வட்டி எவ்வளவு என்றுதான் விசாரித்தார்கள். (குழுக்கடனைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. லாபத்துக்கு நடத்தும் நிறுவனங்கள் கையில் அது என்ன ஆனது என்பதை 2010-ல் ஆந்திராவில் பார்த்தோம்.)

2020-க்கு வருகிறேன். சிறுதொழில்களுக்கு என்று மத்திய அரசு அறிவித்த 3 லட்சம் கோடி அவசரக் கடன் எப்படிக் கணக்கிடப்பட்டது தெரியுமா? பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதம். என் கடை சீட்டுப் பணத்திலும் அடகு வைத்த வளையலிலும் ஓடிய கடை. வங்கிக் கணக்கில் தொழில் கடன் பூஜ்யம். பூஜ்யத்தில் 20 சதவீதம் என்னவென்று தையற்காரிக்கும் தெரியும். ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி நமக்கும் ஒரு சலுகை தந்தது: நகையின் மதிப்பில் 75 சதவீதம் வரை தரலாம் என்றிருந்த வங்கிக் கடனை 90 சதவீதமாக உயர்த்தியது. ஆக, பெண்ணின் நெருக்கடிக்கான நிதி அவள் கழுத்திலேயே இருக்கிறது என்று எல்லோரும் முடிவுசெய்திருந்தார்கள்.

இவ்வளவும் அரசைப் பற்றி. என் மேடைப் பேச்சில் நான் விட்டதையும் சொல்ல வேண்டும்.

யாரையும் நிறுத்தவில்லை என்றேன். நிறுத்துவதற்கு யாருக்கும் மாதச் சம்பளமே கிடையாது, பீஸ் கணக்கு. துணி இல்லையென்றால் கூலி இல்லை, அவ்வளவுதான். முகக்கவசம் அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனது, ஒன்று 15 ரூபாய். தைத்தவர்களுக்கு மூன்று ரூபாய். நடக்கிற தூரத்தில் இருந்த மூன்று பேர் மெஷினை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்தார்கள். மெஷின் என்னுடையது, கரண்ட் அவர்களுடையது.

நான்காவது அக்காவால் அதுவும் முடியவில்லை. அடையாற்றங்கரையில் இருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். நான்கு வருடமாகப் பேருந்து பிடித்துத்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். 2020-ல் மாநகரப் பேருந்து மறுபடி ஓடியது செப்டம்பர் 1-ல். ஐந்து மாதத்துக்கு மேல் அவருக்கு வேலை இல்லை. நடுவில் 2,000 ரூபாய் அனுப்பினேன். அதை அந்த வருடத் தீபாவளிக் கூலியில் கழித்துக்கொண்டேன். அட்வான்ஸ் என்று நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது.

கல்லூரிக்காரர்கள் அனுப்பிய வீடியோவைக் கடையில் எல்லோரும் பார்த்தார்கள். அக்கா கொக்கி வைத்துக்கொண்டே, "நல்லாத்தாம்மா பேசுனீங்க. அந்த ரெண்டாயிரத்தை மட்டும் விட்டுட்டீங்க," என்றார். குத்தலாகச் சொன்ன மாதிரி இல்லை. அளவு எடுக்கும்போது கைச்சுற்று விட்டுப்போனதைச் சொல்வாரே, அதே குரல்.

அந்த மாதமே 2,000-ஐத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது இரண்டு பேருக்கு மாதச் சம்பளம். மற்ற இருவருக்கு இன்னும் பீஸ் கணக்குதான். கல்யாண சீசன் முடிந்தால் என்னால் முடிவதில்லை. அடுத்த மாதம் இன்னொரு கல்லூரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். "நீங்களும் வந்து பேசுங்களேன்க்கா," என்று கேட்டேன்.

"அன்னிக்குக் கூலி உண்டாம்மா?" என்றார்.