ஆட்சி வீட்டில் ஐந்து கோள்கள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், நெடுஞ்சாலையை விட்டு விலகி உள்ளே போனால் வரும் ஓர் ஊரின் வாயனசாலையில் பங்குனி மாதம் ஒரு கூட்டம். பேச வந்தவர் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய இளைஞர். தமிழும் மலையாளமும் கலந்து நன்றாகவே பேசினார். விளக்கை அணைக்கச் சொல்லி, ஸ்டெல்லேரியம் மென்பொருளைச் சுவரில் ஓடவிட்டார். வானம் பின்னோக்கிச் சுழன்றது, ஆண்டுகள் உதிர்ந்தன. பரிபாடலின் பதினோராம் பாட்டில் சொன்ன இடங்களுக்குக் கோள்கள் ஏறக்குறைய வந்து சேர்ந்ததும் சுழற்சியை நிறுத்தி, மூலையில் தெரிந்த தேதியைக் காட்டினார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தலைமை தாங்கியவர் எழுந்து, வானியலும் இலக்கியமும் சமய வரலாறும் ஒரே மேடையில் சந்தித்த நாள் இது என்றார்.

எனக்கு அது சந்திப்பாகத் தெரியவில்லை. மூன்று துறைகளும் ஒன்றிடம் ஒன்று கடன் வாங்கின. கொடுத்தவர் கையில் உண்மையிலேயே காசு இருக்கிறதா என்று வாங்கியவர் பார்க்கவில்லை.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1054 ஜூலையில் சீனர்கள் வானில் கண்டு குறித்துவைத்த ‘விருந்தாளி விண்மீன்’தான் இன்று நாம் காணும் நண்டு நெபுலாவாகச் சிதறிக் கிடக்கிறது. பாபிலோனியர் களிமண் பலகையில் பதிந்த கிரகண நேரங்களை வைத்துத்தான் பூமியின் சுழற்சி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். பழைய எழுத்து இல்லையென்றால் இந்த அறிவு இல்லை. வானியலாளரைத் தமிழ்த் துறையின் நடையிலேயே நிறுத்திவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தின் சன்னல்கள் வழியாகச் சம இரவு நாளில் கதிரவன் ஒவ்வொரு நிலையாக இறங்குவதை நானும் நின்று பார்த்திருக்கிறேன். நேர் கிழக்கு மேற்காகக் கட்டிய எந்தக் கோபுரத்திலும் அது நடக்கும் என்று தெரிந்ததால் எனக்கு அந்தக் காட்சி அழகு குறைந்துவிடவில்லை.

ஆனால் பாட்டுக்குத் தேதி வைப்பது வேறு வேலை. அதுவும் புதியதல்ல. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட ‘இந்தியன் எபிமெரிஸ்’ தொகுதிகள் தென்னிந்தியக் கல்வெட்டாய்வுக்குக் கைவிளக்கு. அந்தக் கணக்கு வித்தகர்தான் பரிபாடலின் பதினோராம் பாட்டு காட்டும் வானம் கி.பி. 634 ஜூன் 17ஆம் நாளுக்குரியது என்றார். சிலப்பதிகாரத்துக்கு 756ஆம் ஆண்டைக் குறித்தார். பரிபாடலைச் சங்க காலத்திலிருந்து கீழே இறக்கிய எஸ். வையாபுரிப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு கைகொடுத்தது. அதற்காக அவர் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. அன்று வசவு வாங்கித் தந்த அதே முறை இன்று மாலை வாங்கித் தருகிறது. அன்று வந்த விடை நம்மை இளையவர் ஆக்கியது, இன்று வரும் விடை மூத்தவர் ஆக்குகிறது. வேறு காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

இதில் பணயம் பெரியது. பரிபாடல் திருமாலையும் செவ்வேளையும் வையையையும் பாடும் நூல். அது 634ஐ ஒட்டியது என்றால் அப்பரும் சம்பந்தரும் பாடிய நூற்றாண்டில் அதுவும் பாடப்பட்டது. பக்தி இயக்கத்தின் தோழன். சில நூறு ஆண்டு முந்தியது என்றால் அதன் பாட்டன். தமிழ்ச் சமய வரலாற்றின் ஓர் அதிகாரத்தையே ஒரு கிரகணத்தின் தேதியில் தொங்கவிடுகிறோம். ஆணி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

நல்லந்துவனாரின் அந்தப் பாட்டு வையையில் புதுப்புனல் வருவதைப் பாடுகிறது. புனலுக்கு முன் மழை, மழைக்கு முன் வானம். வெள்ளி இடபத்தில், செவ்வாய் மேடத்தில், புதன் மிதுனத்தில். வியாழன் சனியின் இரு வீடுகளையும் தாண்டி மீனத்தில், சனி மகரத்தில். பாம்பு மதியை மறைக்கிறது, அதாவது சந்திர கிரகணம். விடியலில் கார்த்திகை உயர நிற்கிறது. பரிமேலழகர் உரைவழி நின்றால் கதிரவன் சிங்கத்தில், மாதம் ஆவணி.

இனி, பள்ளியில் படித்த வானியலை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். பூமியிலிருந்து பார்ப்பவனுக்கு வெள்ளி கதிரவனை விட்டு ஏறக்குறைய 47 பாகைக்கு மேல் விலகாது. புதன் 28 பாகை தாண்டாது. அவை பூமியின் பாதைக்கு உள்ளே சுற்றும் கோள்கள், கயிறு அவ்வளவுதான். சிங்கத்தின் தொடக்கத்துக்கும் இடபத்தின் கடைசிக்கும் நடுவே 60 பாகை. சிங்கத்தின் தொடக்கத்துக்கும் மிதுனத்தின் கடைசிக்கும் நடுவே 30 பாகை. ஆகக் கதிரவன் சிங்கத்தில் இருக்கும்போது வெள்ளி இடபத்திலும் இருக்க முடியாது, புதன் மிதுனத்திலும் இருக்க முடியாது. 634இலும் முடியாது, கிறிஸ்துவுக்கு முன்னும் முடியாது. அப்படி ஒரு வானம் இந்தப் பூமியின் மேல் ஒரு நாளும் விரிந்ததில்லை.

கணக்குப் போடுகிறவர் அப்போது என்ன செய்வார்? எதையாவது விடுவார். ஜூன் 17 என்று சொன்னதும் கதிரவன் மிதுனத்துக்கு வந்துவிட்டது; உரை சொன்ன ஆவணி போய் ஆனி ஆயிற்று. இன்னொருவர் ஆவணியைப் பிடித்துக்கொண்டு வெள்ளியை நகர்த்தலாம். மூன்றாமவர் கிரகணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கவிமரபு என்று தள்ளலாம். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்ற முடிவில் தேதி பிறந்துவிடுகிறது. மென்பொருள் அதற்குத் தலையாட்டுகிறது. அன்று சுவரில் வெள்ளி இடபத்தில் பளிச்சென்று நின்றது. கதிரவன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான்; வீட்டுக்கு வந்து பாட்டை எடுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

இத்தனைக்கும் பாட்டே ஒரு குறிப்பைக் கண்ணெதிரில் வைத்திருக்கிறது. வெள்ளிக்கு இடபம் சொந்த வீடு. செவ்வாய்க்கு மேடம், புதனுக்கு மிதுனம், வியாழனுக்கு மீனம், சனிக்கு மகரம், எல்லாமே சொந்த வீடு. ஐந்து கோள்களும் ஆட்சி வீட்டில் அமர்ந்திருக்கின்றன. ஊர்ச் சோதிடரிடம் இப்படி ஒரு சாதகத்தைக் கொண்டுபோனால் பிள்ளை எங்கே என்று கேட்கமாட்டார், யாரப்பா இதை எழுதியது என்று கேட்பார். உலகில் எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கிறது, ஆகவே மழை பொய்க்காது என்று கவிஞர் சொல்கிறார். எழுதியவருக்குச் சோதிட நூல் நன்றாகத் தெரியும், அதை மறுக்கவில்லை. நூல் தெரிந்தவர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துத்தான் எழுதினார் என்பதற்கு அது சான்றாகாது.

சங்கப் பாட்டில் வெள்ளிக்கு ஏற்கெனவே ஒரு வேலை உண்டு. வெள்ளி தென்திசைப் பக்கம் ஓடினால் வறட்சி; அப்போதும் இந்த மன்னன் நாட்டில் விளைச்சல் குறையாது, இந்த ஆற்றில் நீர் குறையாது என்று புலவர்கள் பாடினார்கள். பட்டினப்பாலை காவிரியைத் தொடங்குவதே அப்படி. வெள்ளி தெற்கே சாய்வதற்கும் பருவமழைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது வானியலாளருக்குத் தெரியும். ஆனாலும் அவர் அந்த வரிகளுக்குத் தேதி தேடமாட்டார், ஏனென்றால் அங்கே ராசிப் பெயர் இல்லை. ராசிப் பெயர் வந்ததும் அதே மரபு தரவாகிவிடுகிறது. ஒப்பிலக்கியம் படித்தவர் பேச வேண்டிய இடம் இதுதான். அப்படி ஒருவர் அன்று மேடையிலேயே இருந்தார், கைதட்டிக்கொண்டு.

புறநானூற்றின் 229ஆம் பாட்டை மட்டும் தனியே வைப்பேன். கூடலூர்கிழார் ஒரு பங்குனி இரவில் விண்மீன் எரிந்து விழக் கண்டு அஞ்சுகிறார், ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். அங்கே ஒருவர் கண்டதைச் சொல்கிறார் என்று நம்ப இடம் இருக்கிறது. ஆனால் எரிமீனுக்குத் திரும்பி வரும் கணக்கு கிடையாது. நம்பத்தக்க சாட்சி வாய்த்த இடத்தில் கணக்குக்குப் பிடி அரிது. கணக்குக்குப் பிடி தாராளமாய்க் கிடைக்கும் இடத்தில் சாட்சியே இல்லை.

மகாபாரதத்தைப் பாருங்கள். போர் நடந்தது கி.மு. 3067 என்கிறார் நரஹரி ஆச்சார் என்ற இயற்பியல் பேராசிரியர். பி.வி. வர்த்தக் சொன்ன கி.மு. 5561ஐ நிலேஷ் ஓக் இன்று தாங்கிப் பிடிக்கிறார். ஒரே நூல், ஒரே வானம், இடையில் ஏறக்குறைய 2,500 ஆண்டு. ஒரு தராசு காலையில் ஒரு கிலோவும் மாலையில் இரண்டு கிலோவும் காட்டினால் களியக்காவிளைச் சந்தையில் மீன் விற்கிறவரே அதைத் தூக்கி எறிந்துவிடுவார். மேலைநாட்டிலும் இந்த ஆசை உண்டு. 2008இல் பைகூசிஸ், மாக்னாஸ்கோ என்ற இருவர் ஒடிசியில் ஒடிசியஸ் மனைவியின் காதலர்களைக் கொன்ற நாளைக் கி.மு. 1178 ஏப்ரல் 16 என்று கணித்தார்கள். அவர்களாவது, இந்த வரிகள் வானத்தைத்தான் குறிக்கின்றன என்று கொண்டால் என்ற நிபந்தனையோடு சொன்னார்கள். நம் மேடைகளில் அந்த ‘என்று கொண்டால்’ மைக்கைத் தாண்டி வருவதே இல்லை.

சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த நாளுக்கு ஆடி, தேய்பிறை எட்டாம் நாள், கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை என்று அடையாளம் இருக்கிறது. இத்தனை இருந்தும் இந்தச் சேர்க்கை நூற்றாண்டுக்குச் சில முறையாவது வரும். எனக்கு அதில் பயனுள்ளதாகத் தோன்றுவது கிழமைதான். இந்தியக் கல்வெட்டுகளில் கிழமை முதலில் தெளிவாக வருவது 484ஆம் ஆண்டின் ஏரண் கல்வெட்டில். வெள்ளிக்கிழமை என்று சொல்லும் பழக்கம் எப்போது பரவியது என்று தேடினால் நூலின் காலத்தைப் பற்றி ஏதாவது தெரியவரும். அதற்குக் கோளரங்கம் வேண்டாம், கல்வெட்டுத் தொகுதிகளோடு பல மாதம் உட்கார வேண்டும். அதற்குக் கைதட்டல் கிடைக்காது.

வானத்தைக் கொண்டு தேதி சொல்ல வேண்டும் என்று நம் முன்னோர் நினைத்தபோது எப்படிச் சொன்னார்கள் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பாறசாலையிலிருந்து தமிழக எல்லையைத் தாண்டினால் முஞ்சிறைப் பக்கத்தில் பார்த்திவபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே விஷ்ணு கோயில் எடுத்து, 95 சட்டர் (மாணவர்) தங்கிப் படிக்கும் சாலை ஒன்றைக் காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கில் நிறுவினான். அதன் செப்பேட்டில் கோள்கள் எங்கும் ஆட்சி செய்யவில்லை. கலி பிறந்து 14,49,087 நாள் என்று இருக்கிறது. கூட்டினால் கி.பி. 866 ஜூலை 8. உரையாசிரியர் வேண்டாம், ஊகம் வேண்டாம், எதையும் விட வேண்டாம். மூன்று ஆண்டு கழித்து, மகோதயபுரத்தில் சேர மன்னன் தாணு ரவியின் அவையில் இருந்த சங்கரநாராயணன் லகுபாஸ்கரீயம் என்ற வானியல் நூலுக்கு உரை எழுதினார். அந்தக் காலத்துச் சேர நாட்டாருக்கு நாளை எண்ணத் தெரியும். எண்ண நினைத்தால் எண்ணினார்கள். பாட நினைத்தால் பாடினார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டது நாம்.

நாள் என்பதே வானம் மட்டும் தருவதல்ல என்று இந்த எல்லை ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல ஆண்டுகளில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் சித்திரை ஒன்று ஏப்ரல் 14இல் வரும், இந்தப் பக்கம் விஷு 15இல். கதிரவன் மேடத்துக்குள் நுழைவது இரண்டு பக்கத்துக்கும் ஒரே நொடியில்தான். பொழுது சாய்வதற்குள் நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ்க் கணக்கு. பகலை ஐந்தாக்கி மூன்று பங்கு கழிவதற்குள் நுழைந்தால்தான் அன்று, இல்லையென்றால் மறுநாள் என்பது கேரளக் கணக்கு. சம்பந்தி வீடு அந்தப் பக்கம் உள்ளவர்கள் இரண்டு நாளும் பாயசம் குடிப்பார்கள்.

கூட்டம் முடிந்து வராந்தாவில் கட்டன்சாயா கொடுத்தார்கள். முன்வரிசையில் இருந்து கடைசிவரை கைதட்டிய ஒரு பெரியவர் பேச்சாளரின் தோளைத் தொட்டு, “மக்களே, இந்த வருசம் விஷு பதினாலா பதினஞ்சா?” என்று கேட்டார். இளைஞர் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “அது எந்தப் பஞ்சாங்கம்னு பாக்கணும் மாமா” என்றார்.