தூரிகையைக் கையில் கொள்வது

முத்தியால்பேட்டையில் என்னைத் தேடி வரும் கையெழுத்துப் பிரதிகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. குயில் தோப்பு பக்கத்தில் இருப்பது ஒரு காரணமோ என்னவோ. பாரதி உலாவிய தோப்பு. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் 'உள்ளிருந்து ஒரு குரல்' பேனாவை எடு என்று கட்டளையிட்டுவிடுகிறது. சென்ற வாரம் ஓர் இளைஞர் கொண்டுவந்த நாவலிலும் அந்தக் குரல் இரண்டு பக்கம் பேசியிருந்தது.

எழுதத் தொடங்குவதை ஜப்பானியர்கள் மரியாதையாகச் சொல்லும்போது 'ஃபுதெ ஓ தொரு' என்பார்கள். தூரிகையைக் கையில் கொள்வது என்று பொருள். பேனாவால் எழுதினாலும் யந்திரத்தில் தட்டினாலும் தூரிகைதான். எனக்குப் பிடித்தது அந்த வினைச்சொல். அதற்கு அவர்கள் இடும் எழுத்தேதான் அலுவல் பார்ப்பதற்கும், தலைமை தாங்கி நடத்துவதற்கும் வருகிறது. எழுத உட்காருவதும் அவர்கள் மொழியில் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்வதுதான். முடிந்ததும் தூரிகையைக் கீழே வைப்பார்கள். எழுத்தையே கைவிட்டால் ஒடிப்பார்கள்.

நம்மிடம் பிள்ளையார் சுழி இருக்கிறது. ஒரு விநாடி வேலை. அவையடக்கம் இருக்கிறது, கம்பனுக்குப் பொருந்தியது, பின்னால் வந்தவர்களிடம் அடக்கமே ஆடம்பரமாகிவிட்டது. ஆனால் இதே புதுச்சேரியில் 1736 செப்டம்பர் 6ந் தேதி ஆனந்தரங்கப் பிள்ளை என்ற வர்த்தகர் தொடங்கிய தொடக்கத்தைப் பாருங்கள். காதால் கேட்கிறது, கண்ணால் பார்க்கிறது, கப்பல் வருகிறது போகிறது, நூதனமாக நடக்கிறது, இவற்றை எழுதப் போவதாகச் சொன்னார், எழுதினார். தம் தகுதியைப் பற்றிப் பேச்சே கிடையாது. 1761ல் காலமாகும் வரையில் ஏறக்குறைய 25 வருஷம் அந்தக் காரியம் நடந்தது. பேச்சுத் தமிழும் கணக்குப்பிள்ளைத் தமிழும் கலந்த நடைதான். பண்டிதர்களுக்கு ருசிக்காது. ஆனாலும் துய்ப்ளெக்சின் புதுச்சேரி இன்றைக்கும் நம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் பெரும்பாலும் அந்தத் தமிழால்தான்.

என் முதல் நாவலுக்கு நானும் எட்டுப் பக்கம் முன்னுரை எழுதியவன்தான். இரண்டாம் பதிப்பில் எடுத்துவிட்டேன். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த இளைஞரின் நாவலில், மூன்றாம் பக்கத்தில், ஆலை மூடிய அன்று சாப்பிடாத சோற்றுத் தூக்கோடு வீடு திரும்பும் ஒரு தகப்பனார் இருக்கிறார். நல்ல மனுஷர். அங்கிருந்து தொடங்குங்கள் என்றேன். குரலை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. பிரதியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.