சைரன் போட்டால் பொறுப்பு போய்விடுமா?

சேரப்பணஞ்சேரி வழியாகப் போகும் வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கும் கன்டெய்னர் லாரிக்கும் நடுவில் தீயணைப்பு வண்டி சைரனோடு போகிறது. வழியில் ஒருத்தரை இடித்துவிட்டால் அரசு நஷ்டஈடு தரணுமா? இதற்குப் பதில் தேடும்போது நம் நீதிமன்றங்கள் முதலில் கேட்கும் கேள்வியே தப்பு என்பது என் எண்ணம். டிரைவர் கவனமா ஓட்டினாரா என்பதை விட்டுவிட்டு, வண்டி என்ன வேலையாகப் போனது என்று கேட்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தை 1861இல் ஒரு குதிரை தொடங்கிவைத்தது. கல்கத்தா கிதர்ப்பூரில் அரசுக் கப்பல் பட்டறை ஆட்கள் சுமந்துபோன இரும்புத் துண்டு கீழே விழ, பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியின் வண்டிக்குதிரைக்கு அடிபட்டது. நஷ்டம் 350 ரூபாய். தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் கொடுக்கச் சொன்னார். ஆனால் கூடவே ஒரு கோடும் கிழித்தார்: தனியாரும் செய்யக்கூடிய வேலை என்றால் அரசு பொறுப்பு, இறையாண்மை வேலை என்றால் இல்லை. அரசியலமைப்பின் 300ஆம் பிரிவு பழைய நிலையையே தொடர விட்டதால் அந்தக் கோடு இன்னும் நம்மோடு இருக்கு.

1962இல் வித்யாவதி வழக்கு. உதய்ப்பூர் கலெக்டரின் ஜீப், ரிப்பேர் முடிந்து திரும்பும்போது நடந்துபோனவரை இடித்துக் கொன்றது. அரசு தரணும் என்றது உச்ச நீதிமன்றம். 1964இல் கஸ்தூரிலால் வழக்கு. மீரட் போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தோடு ஏட்டு பாகிஸ்தானுக்கே ஓடிவிட்டார். கைதும் பறிமுதலும் இறையாண்மை வேலை, அதனால் அரசு தர வேண்டாம்! தீர்ப்பெழுதிய கஜேந்திரகட்கருக்கே உறுத்தியிருக்கணும், இதற்குச் சட்டம் கொண்டுவாருங்கள் என்றார். 1967 மசோதா சட்டமாகாமலே காலாவதியானது.

விளைவைப் பாருங்க. விமானப்படை வண்டி ஹாக்கி வீரர்களை ஏற்றிச்சென்ற வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது. பணியிலிருந்த வீரர்களைச் சோதிக்கப் போன ராணுவ வண்டி என்றபோது பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் விலக்கு தந்தது. அடிபட்டவனின் எலும்புக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

இதே தர்க்கப்படி, பட்டறையிலிருந்து திரும்பும் தீயணைப்பு வண்டி இடித்தால் காசு உண்டு, தீயணைக்கப் போகும்போது இடித்தால் அரசு விலக்கு கேட்டு வாதாடலாம். 1994இல் நாகேந்திர ராவ் வழக்கு இந்த விலக்கைக் காலாவதியான சரக்கு என்ற தொனியில் சுருக்கியது. ஆனால் அது இரண்டு நீதிபதி அமர்வு. ஐந்து நீதிபதிகளின் கஸ்தூரிலால் தீர்ப்பை அதால் ரத்து செய்ய முடியாது. போதாக்குறைக்கு, வணிகம் சாராத அரசு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 146ஆம் பிரிவின்படி இன்சூரன்ஸே கட்டாயமில்லை.

1997இல் இங்கிலாந்தில் இதைவிடத் தெளிவாகப் பேசினார்கள். ஹாம்ப்ஷயரில் எரிந்துகொண்டிருந்த கட்டிடத்தில் தீயணைப்பு அதிகாரி ஸ்பிரிங்ளரை அணைக்கச் சொல்ல, தீ பரவியது. அழைப்புக்கு வராததற்காக வழக்குப் போட முடியாது, வந்து நிலைமையை மோசமாக்கினால் பொறுப்பு என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஒரகடத்துக் கிடங்குகளுக்கு இந்தக் கோடுதான் பொருந்தும்.

நம்மிடமும் விடை ஒன்று இருக்கு. 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகள் அவசர வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டலாம் என்கின்றன, ஆனால் எச்சரிக்கையோடு. அந்த எச்சரிக்கை இருந்ததா என்பதை முதல் கேள்வியாக்கினால் போதும். பிறகு சைரன், வேகம், சிக்னல் கேமரா என்று சாட்சியம் தேடலாம். பீகாக்கின் குதிரை தேவையில்லை.