முடிந்த அறிவும் முடியாத வினாவும்: பல்கலைக்கழகப் பாடநூல்கள் பற்றிய ஒரு நோக்கு

கவிதையையும் நாவலையும் நாடகத்தையும் ஆராய்கின்ற திறனாய்வு, பாடநூலை ஆராய்வது அரிது. ஆனால் பல்கலைக்கழக மாணவனின் கையில் அதிக காலம் இருப்பதும், அவன் உலகை நோக்கும் முறையினைப் பெரிதும் உருவாக்குவதும் பாடநூலே. ஏனைய நூல்களைப் போலப் பாடநூலுக்கும் ஆசிரியன் உண்டு. அவனுக்கு ஒரு காலமும் ஒரு நோக்கும் உண்டு. ஒன்றை விரித்துரைத்து மற்றொன்றைக் கூறாது விடும் உத்தியும் உண்டு. எனினும் பாடநூல் தனக்கு ஆசிரியன் இல்லை என்பது போன்ற தோற்றத்துடனேயே மாணவன் முன் நிற்கின்றது. அதில் இருப்பது ஒருவரது கருத்தன்று, அறிவே என்று அவன் கொள்கின்றான். இத்தோற்றம் எவ்வாறு உண்டாக்கப்படுகின்றது, அதனால் இழக்கப்படுவது யாது என்பன ஆராயப்படவேண்டியவை. ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பனவாகக் கருதப்படும் பொருளியல், புள்ளிவிபரவியல், முளைய விருத்தியினை ஆராயும் உயிரியல் ஆகிய மூன்று துறைகளின் பாடநூல்களை ஒருங்கு வைத்து நோக்கும்போது, இக்குறைபாடு ஒரு துறைக்கு மட்டும் உரியதன்று என்பது புலனாகும்.

பொருளியலை முதலில் நோக்கலாம். இரண்டாம் உலகப் போரின் பின்னர் உலகெங்கும் பொருளியற் கல்வியின் வடிவத்தை நிர்ணயித்த நூல், போல் சாமுவெல்சன் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பொருளியல்’ என்னும் அறிமுக நூலாகும். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பல பதிப்புக்களைக் கண்ட அந்நூலின் ஒழுங்கமைப்பினையே பின்வந்த பாடநூல்கள் பலவும் பின்பற்றின. ஒரு நாட்டின் சட்டங்களை எவர் எழுதினும் எழுதுக, அதன் பொருளியற் பாடநூலைத் தாம் எழுத முடிந்தால் அதுவே போதும் என்ற கருத்துப்பட சாமுவெல்சன் கூறியதுண்டு. பாடநூலின் வலிமையை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று. ஆயின், அவருக்கு ஓராண்டு முன்னரே, 1947இல், லொரி தார்ஷிஸ் கீன்சின் கொள்கைகளை அமெரிக்க மாணவருக்கு அறிமுகஞ் செய்யும் பாடநூலொன்றினை வெளியிட்டிருந்தார். அரசின் பொருளாதாரத் தலையீட்டை வெறுத்தோர் அந்நூலுக்கெதிராக நடத்திய பிரசாரத்தின் விளைவாக அது பல்கலைக்கழகங்களிலிருந்து ஒதுக்கப்பட்டது. எந்நூல் பாடநூலாக நிலைக்கின்றது என்பதை நூலின் தரம் மட்டும் நிர்ணயிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

சாமுவெல்சனின் நூலில் இடம்பெற்ற வரைபடமொன்று இங்கு நோக்கற்பாலது. சோவியத் ஒன்றியத்தின் மொத்தத் தேசிய உற்பத்தி ஐக்கிய அமெரிக்காவினதை எப்போது எட்டும் என்ற கணிப்பினை அது காட்டியது. 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 1984இல் நிகழலாம், அன்றேல் 1997 வரை தாமதிக்கலாம் எனப்பட்டது. 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்வாண்டுகள் 2002, 2012 என மாறின. 1991இல் சோவியத் ஒன்றியமே இல்லாதொழிந்தது. எதிர்காலம் பற்றிய கணிப்புத் தவறுதல் குற்றமன்று. எந்த விஞ்ஞானத்திலும் கணிப்புக்கள் தவறுவதுண்டு. குற்றம் யாதெனில், ஒவ்வொரு பதிப்பிலும் ஆண்டுகள் பின்தள்ளப்பட்டனவேயன்றி, முன்னைய கணிப்பு ஏன் பொய்த்தது என்ற வினாவுக்கு உரிய இடம் வழங்கப்படவில்லை. 1980இன் மாணவன் கையில் 1961இன் பதிப்பு இருப்பதில்லை. ஆகவே அவன் கண்டது ஒரு தவறின் திருத்தத்தை அன்று, புதியதொரு உண்மையை. பொருளியல் தன் தவறுகளிலிருந்து எவ்வாறு கற்றது, அல்லது கற்கத் தவறியது என்பதை அறியும் வாய்ப்பு அவனுக்கு மறுக்கப்பட்டது.

வரைபடத்தினும் ஆழமானது சொல்லின் ஆட்சி. ‘கேள்வி’ என்ற சொல்லை ஈழத்துப் பொருளியல் மாணவர் முதல் வாரத்திலேயே கற்கின்றனர். விருப்பம் மட்டும் கேள்வியாகாது. வாங்கும் வலுவினால் ஆதரிக்கப்பட்ட விருப்பமே கேள்வி என்ற வரைவிலக்கணத்தை அவர்கள் மனனஞ் செய்கின்றனர். இவ்வரைவிலக்கணத்தின்படி, பணமற்றவனின் பசி சந்தையில் எவ்விதக் கேள்வியையும் எழுப்புவதில்லை. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூல் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. பஞ்ச ஆண்டில் வங்கத்திற் கிடைத்த உணவு, பஞ்சமற்ற 1941ஆம் ஆண்டினதைவிடக் குறைந்ததன்று என்றும், உணவைப் பெறும் உரித்தினைக் கிராமியத் தொழிலாளரும் மீனவரும் பிறரும் இழந்தமையே அவர்தம் சாவுக்குக் காரணம் என்றும் அவர் வாதிட்டார். உணவுத் தொகை பற்றிய அவரது கணக்கினைப் பின்னர் மறுத்தோரும் உளர். ஆயினும் அவர் எழுப்பிய வினா அழிவதில்லை. கேள்வி வளையியும் நிரம்பல் வளையியும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியைச் ‘சமநிலை’ என்று எழுதும் மாணவன், அச்சமநிலையிலும் மக்கள் பசியால் மாளக்கூடும் என்பதை அதே பக்கத்தில் படிக்கின்றானா என்பதே அவ்வினா. பல பாடநூல்களில் பஞ்சம் வேறோர் அத்தியாயத்திற்கு உரியது. சிலவற்றில் எவ்வத்தியாயத்திற்கும் உரியதன்று.

புள்ளிவிபரவியலில் இதே மறைப்பு வேறு வடிவம் பெறுகின்றது. பொருளியலிலாவது கருத்து மோதல் உண்டென்பதை யாவரும் அறிவர். புள்ளிவிபரவியலோ கணிதத்தின் ஆடையணிந்து வருதலால் ஐயத்திற்கு இடமற்றதாகத் தோன்றுகின்றது. கருதுகோட் சோதனை பற்றிய அத்தியாயத்தைப் படிக்கும் மாணவன், சூனியக் கருதுகோளை அமைத்தல், 5 வீதப் பொருண்மை மட்டத்தைக் கொள்ளல், கணித்தல், ஏற்றல் அல்லது நிராகரித்தல் எனப் படிமுறைகளைக் கற்கின்றான். இம்முறை ஒரே மூளையில் ஒரே நாளில் உதித்தது போன்று எழுதப்பட்டுள்ளது. உண்மை அதுவன்று. 1925ஆம் ஆண்டில் ஆய்வாளருக்கான தமது நூலை வெளியிட்ட றொனால்ட் பிஷர், 5 வீதத்தினை வசதியான ஓர் எல்லையாகவே முன்வைத்தார். தரவு சூனியக் கருதுகோளுக்கு எவ்வளவு முரணானது என்பதை அளத்தலே அவர் நோக்கம். 1933இல் ஜேர்சி நெய்மனும் ஈகன் பியர்சனும் முன்வைத்த கொள்கையோ வேறுபட்டது. இரு கருதுகோள்களுள் ஒன்றைத் தெரிவு செய்யும்போது நேரக்கூடிய இருவகை வழுக்களையும் நீண்டகால அடிப்படையில் எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பதே அவர்தம் பிரச்சினை. பிஷர் இக்கொள்கையினை வாழ்நாள் முழுவதும் கடுமையாக எதிர்த்தார். இணங்காத இவ்விரு சாராரையும் பாடநூல்கள் பெயரின்றி இணைத்து ஒரே செய்முறையாக்கின. மாணவன் கற்பது இருவரும் ஏற்றிராத ஒரு கலவையையே.

இது வெறும் வரலாற்றுச் செய்தியன்று. செய்முறையின் பிறப்பு மறைக்கப்பட்டமையால், 5 வீதம் என்ற எல்லை உண்மைக்கும் பொய்க்கும் இடையிலான கோடாக மாறிவிட்டது. அவ்வெல்லையைத் தாண்டிய ஆய்வு வெளியிடப்படுகின்றது. தாண்டாதது மேசையினுள் உறங்குகின்றது. அமெரிக்கப் புள்ளிவிபரவியற் கழகம் 2016இல் இதுகுறித்து அறிக்கையொன்றை வெளியிட்டு, இத்தகைய எல்லையொன்றைக் கடந்தமையை மட்டும் ஆதாரமாகக் கொண்டு விஞ்ஞான முடிவுகளையோ கொள்கை முடிவுகளையோ எடுத்தலாகாது என எச்சரிக்க நேர்ந்தது. பாடநூல் விளைவித்த நோய்க்கு ஒரு கழகம் கூடி மருந்து கூறவேண்டியதாயிற்று எனல் மிகையாகாது.

பாடநூல் இவ்வாறுதான் இருந்தாகவேண்டும் என்ற நியதி இல்லை என்பதற்கும் இதே துறையில் உதாரணம் உண்டு. பிரான்சிஸ் அன்ஸ்கொம் 1973இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் நான்கு தரவுத் தொகுதிகளைத் தந்தார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள், இடைகள் ஒன்றே, மாறற்றிறன்கள் ஏறக்குறைய ஒன்றே, இணைபுக் குணகம் யாவற்றிலும் ஏறக்குறைய 0.82. வரைந்து பார்த்தால், ஒன்று நேர்கோட்டைச் சூழ்ந்த சிதறல், ஒன்று வளைகோடு, ஏனைய இரண்டும் தனித்து நிற்கும் ஒரேயொரு புள்ளியால் திரிக்கப்பட்டவை. கணிப்பு முறையைக் கற்பிக்கும்போதே அதன் எல்லையையும் கற்பிக்கும் இம்முறை, மாணவனைச் செய்முறையின் அடிமையாக்காது அதன் எசமானனாக்குகின்றது.

முளைய விருத்தி பற்றிய உயிரியல் நூல்கள் படத்தின் வலிமையை உணர்த்துவன. ஜேர்மானிய உயிரியலாளர் ஏர்ணஸ்ட் ஹெக்கல் 1874இல் வெளியிட்ட நூலில் மீன், சலமந்தர், ஆமை, கோழி, பன்றி, பசு, முயல், மனிதன் ஆகிய எட்டு உயிரிகளின் முளையங்கள் மூன்று பருவங்களில் வரிசையாக வரையப்பட்டிருந்தன. முதற் பருவத்தில் எட்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இவ்வொற்றுமை மிகைப்படுத்தப்பட்டது என வில்ஹெல்ம் ஹிஸ் போன்ற அக்கால உடலமைப்பியலாளர் உடனடியாகவே கண்டித்தனர். கண்டனம் ஜேர்மன் மொழி ஏடுகளில் தங்கிற்று. படமோ நூலுக்கு நூல் பிரதி செய்யப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்தது. 1997இல் மைக்கல் றிச்சட்சனும் பிறரும் உண்மையான முளையங்களை ஒப்பிட்டு, அவை பருமனிலும் வடிவிலும் உறுப்புக்கள் தோன்றும் ஒழுங்கிலும் பெரிதும் வேறுபடுகின்றன எனக் காட்டிய பின்னரே பாடநூலாசிரியர் பலர் விழித்தனர். இதனாற் கூர்ப்புக் கொள்கை பொய்த்தது எனக் கூறுவோர் உண்மையைத் திரிப்பவராவர். முள்ளந்தண்டு விலங்குகளின் முளையங்களிடையே ஆழ்ந்த ஒற்றுமைகள் உண்டு. பொது மூதாதைக்கான சான்றுகள் பல துறைகளிலிருந்தும் குவிந்துள்ளன. ஆனால் உண்மையான கொள்கைக்கு மிகைப்படுத்திய படத்தைச் சான்றாக்கியமை, அக்கொள்கையின் எதிரிகளுக்கே ஆயுதம் வழங்கிற்று. இது பாடநூலாசிரியர் மறக்கலாகாத பாடம்.

அதே துறையின் மற்றொரு பக்கமும் கூறற்குரியது. 1924இல் ஹான்ஸ் ஸ்பெமனும் அவர் மாணவி ஹில்டா மான்கோல்டும் வெளியிட்ட பரிசோதனையில், நியூட் முளையமொன்றின் சிறு பகுதி, வேறொரு நியூட் இனத்தின் முளையத்தில் ஒட்டப்பட்டது. அங்கு இரண்டாவதோர் உடலச்சு உருவாயிற்று. அவ்விரண்டாம் உடலின் பெரும்பகுதி ஒட்டிய துண்டிலிருந்தன்றி, ஏற்ற முளையத்தின் கலங்களிலிருந்தே ஆனது என்பதை இரு இனங்களின் நிற வேறுபாடு காட்டிற்று. கட்டுரையில் விவரிக்கப்பட்ட முளையங்கள் மிகச் சிலவே. 5 வீத விதியை மட்டும் கற்ற மாணவன், இத்துணைச் சிறிய மாதிரி எவ்வாறு ஒரு துறையையே மாற்றிற்று என்று திகைப்பான். பரிசோதனையின் அமைப்பே மாற்று விளக்கங்களை அடைத்துவிட்டது என்பது அதற்கான விடை. எண்ணிக்கை மட்டுமே சான்றாகாது என்ற இவ்வுணர்வு, புள்ளிவிபரவியலும் உயிரியலும் தனித்தனி அறைகளிற் கற்பிக்கப்படும்வரை மாணவனுக்கு வாய்ப்பதில்லை. கட்டுரை வெளிவந்த ஆண்டிலேயே மான்கோல்ட் இறந்தார். 1935இன் நோபல் பரிசு ஸ்பெமனுக்கே வழங்கப்பட்டது. ‘ஸ்பெமனின் அமைப்பாளி’ என்று மட்டும் எழுதிய நூல்கள் உழைத்த கையை மறைத்தன.

பாடநூல் சுருக்கமானதாகவும் ஒழுங்கானதாகவும் இருத்தல் வேண்டும். வரலாற்றின் சண்டைகளையெல்லாம் சுமத்தினால் முதலாண்டு மாணவன் திணறுவான் என்ற மறுப்பு எழக்கூடும். தோமஸ் கூன் 1962இல் வெளியிட்ட விஞ்ஞானப் புரட்சிகள் பற்றிய நூலில், பாடநூல்கள் புரட்சிகளை மறைக்கின்றன என்பதை எடுத்துக்காட்டியதோடு, விஞ்ஞானியைப் பயிற்றுவதில் அம்முறைக்குள்ள பயனையும் ஏற்றுக்கொண்டார். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் இங்கு வேண்டப்படுவது முழு வரலாறு அன்று. ஒரு கணிப்புத் தவறியதெனின் தவறியது என்று ஒரு வாக்கியம். ஒரு முறை இருவரது பூசலில் விளைந்ததெனின் அப்பூசல் பற்றி ஒரு பந்தி. ஒரு படம் திருத்தப்பட்டதெனின் பழையதையும் புதியதையும் அருகருகே வைக்கும் ஒரு பக்கம். இவை மாணவனைத் திணறச் செய்யா. மேலும், பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயிலும் யாவரும் பொருளியலாளராவதில்லை; நிருவாகிகளாகவும் ஆசிரியராகவும் வாக்காளராகவுமே பலர் வாழ்வர். அவர்க்கு வேண்டியது செய்முறையிற் பயிற்சி மட்டுமன்று, செய்முறையைச் சோதிக்கும் ஆற்றலுமாகும்.

தமிழ் மூலம் கற்போர்க்கு இப்பிரச்சினை இருமடங்கானது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களைப் பெயர்த்துக் கலைச்சொற்களையும் ஆக்கினார். அம்மரபு முறியாது வளர்ந்திருப்பின் இன்றைய நிலை வேறாயிருக்கும். இன்று ஆங்கில மூல மாணவனுக்குப் பாடநூல் ஒன்று தவறினால் அதனை மறுக்கும் வேறு நூல்கள் நூலகத்தில் உண்டு. தமிழ் மூல மாணவனுக்கோ பல பாடங்களில் விரிவுரைக் குறிப்பே நூல். அக்குறிப்பே தலைமுறைகள் தாண்டிப் பிரதி செய்யப்படுகின்றது. ஹெக்கலின் படம் நூலுக்கு நூல் தாவியது போன்றே குறிப்பும் கைக்குக் கை தாவுகின்றது. அதனை எழுதியவர் யார், எந்நூலிலிருந்து எடுத்தார், எவ்வாண்டின் தரவு என்பன உதிர்ந்துவிடுகின்றன. கலைச்சொற்களை ஆக்கியமை பெருஞ்சாதனையே. ஆயின் சொற்களை மட்டும் பெயர்த்து விவாதங்களைப் பெயர்க்காது விட்டால், தமிழ் முடிவுகளை மனனஞ் செய்யும் மொழியாகவே எஞ்சும். வினாவை எழுப்பும் மொழியாகாது.

எனவே, தமிழில் இனி எழுதப்படும் ஒவ்வொரு பாடக்குறிப்பும் மூன்று செய்திகளைத் தாங்கி வருதல் வேண்டும்: கூறப்படும் முடிவு யாருடையது, எப்போதையது; அதனை மறுத்தோர் யாவர்; எச்சான்று கிடைப்பின் அம்முடிவு மாறும். இம்மூன்றினையும் கேட்டு வாங்குதல் மாணவரின் உரிமை. வழங்குதல் விரிவுரையாளரின் கடமை. பொருளியல் ‘கேள்வி’ என்ற சொல்லுக்கு ஒரு பொருளை வரையறுத்துத் தந்துள்ளது. வள்ளுவர் அதே சொல்லை ஓர் அதிகாரத்தின் பெயராக்கிச் செவிவழி பெறும் அறிவைக் குறித்தார். அன்றாட வழக்கிலோ அது வினாவுதலைக் குறிக்கின்றது. இம்மூன்றாவது பொருளைப் பாடநூல் தன்னகத்தே கொள்ளும்போதுதான் இரண்டாவது பொருளும் நிறைவு பெறும்.