மெய்நிகர் உலகில் கதைமாந்தர் கூற்று: ஒரு திறனாய்வு

முன்னுரை

கதைமாந்தரோடு நேரில் உரையாட வேண்டும் என்னும் விழைவு கலை நுகர்வோர்க்குப் புதிதன்று. அவ்விழைவைக் கணினியின் வழி நிறைவேற்றும் முயற்சிக்கும் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1966ஆம் ஆண்டு ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட உரையாடல் நிரலுக்கு, பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத் தலைவியின் பெயரான எலைசா என்பதே சூட்டப்பட்டது. மைக்கேல் மட்டேயாசும் ஆண்ட்ரூ ஸ்டெர்னும் 2005இல் வெளியிட்ட 'ஃபசாட்' என்னும் கணினி நாடகத்தில், பூசலிடும் கணவன் மனைவியரின் இல்லத்திற்குள் பயனர் விருந்தினராக நுழைந்து தட்டச்சின் வழி உரையாடினார். இன்று தட்டச்சும் தேவையற்றதாகிவிட்டது. தலையணியை அணிந்து மெய்நிகர் உலகினுள் நின்று, எதிரே நிற்கும் பாத்திரத்திடம் வாய்மொழியாகவே பேசவும் மறுமொழி பெறவும் இயல்கிறது. இவ்வாறு பிறக்கும் பேச்சைக் 'கூற்று' எனக் கொள்ளலாமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுப் பொருள்

2011இல் வெளிவந்து, பின்னர் மெய்நிகர் வடிவமும் பெற்ற 'ஸ்கைரிம்' என்னும் கணினி விளையாட்டை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். மூல விளையாட்டில் மாந்தர் பேசுவன யாவும் நடிகர்களால் முன்னரே பதிவு செய்யப்பட்டவை. ஆதலின், காவலர் ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுவது ஆட்டக்காரரிடையே நகைப்புக்கு இடமாயிற்று. 2023இல் தன்னார்வலர் முயற்சியாக வெளிவந்த 'மேன்டெல்லா' என்னும் இணைப்பு நிரல் இக்குறையை நீக்க முற்பட்டது.

அதன் அமைப்பு முறை பின்வருமாறு: ஆட்டக்காரரின் பேச்சை ஒலிவாங்கி பெறுகிறது, 'விஸ்பர்' முதலிய பேச்சுணரி அதனை எழுத்தாக்குகிறது, அவ்வெழுத்து, பாத்திரத்தைப் பற்றிய குறிப்பு, நிகழும் இடம், பொழுது ஆகியவற்றோடு பெருமொழி மாதிரிக்கு அனுப்பப்படுகிறது, அது தரும் மறுமொழியைக் குரலாக்கி நிரல் ஒலியாக மாற்றப் பாத்திரத்தின் இதழ்கள் அசைகின்றன. உரையாடல் முடிந்ததும் அதன் சுருக்கம் சேமிக்கப்பட்டு, அடுத்த சந்திப்பில் 'நினைவாக' மீண்டும் அளிக்கப்படுகிறது. ஆகவே, பாத்திரம் நினைவுகூர்வது நடந்ததையன்று. நடந்ததன் சுருக்கத்தையே எனலாம்.

விடையும் பாத்திரமும்

நன்னூலார் விடையை எண்வகைப்படுத்துவர். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையானவை. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் பொருள் தருபவை. 'அண்ணன் வீட்டிற்கு வருகிறாயா?' என்று ஒருவர் வினவ, 'சென்ற முறை வாசலிலேயே நிறுத்தினார்கள்' என மற்றவர் கூறின் அஃது உற்றதுரைத்தல் ஆகும். வாரேன் என்னும் மறுப்பு மட்டுமன்றி, ஒரு குடும்பத்தின் மனக்கசப்பும் அவ்விடையில் அடங்கியுள்ளது. நாடக உரையாடலின் உயிர் பெரும்பாலும் இவ்வைந்து விடைகளிலேயே உள்ளது என்பது எமது துணிபு.

பெருமொழி மாதிரிகளோ வினவியவர்க்கு உதவுமாறும் இசையுமாறும் பயிற்றப்பட்டவை. சினமுடையவன் என்று குறிப்பெழுதப்பட்ட பாத்திரமும் சிறிது வற்புறுத்தினால் தணிந்து, தன் உள்ளக்கிடக்கையை ஒழுங்கான வாக்கியங்களில் விளக்கத் தொடங்கும் இயல்பினதாகிறது. இதனால் நேர்விடை பெருகிக் குறிப்பு விடை அருகுகிறது. சொற்பெருக்கு மிகுந்தும் பாத்திரத்தின் ஆழம் மிகவில்லை.

கூற்றுக்கு உரிமையும் மௌனமும்

தொல்காப்பியர் அகத்திணையில் கூற்று நிகழ்த்துதற்கு உரியோரையும் அவர் பேசும் இடங்களையும் வரையறுப்பதோடு, நேரே கூற்று நிகழ்த்தாதாரையும் செய்யுளியலில் சுட்டுகிறார். தந்தையும் தமையனும் ஊராரும் அயலாரும் பிறர் வாயிலாகவே அறியப்படுவர். பேசாத தந்தையின் இருப்பே தலைவியின் அச்சத்திற்கு வலிமை சேர்க்கிறது. இலக்கியம் என்பது பேச்சைப் பகிர்ந்தளிப்பது மட்டுமன்று. பேச்சை மறுப்பதும் ஆகும்.

'மேன்டெல்லா' அமைத்த உலகிலோ வணிகர், காவலர், இரவலர் என எதிர்ப்படுவோர் பெரும்பாலும் உரையாடலுக்கு உரியவராகின்றனர். இங்கு மௌனமும் இல்லாமல் இல்லை. வினாவிற்கும் விடைக்கும் இடையே சில நொடித் தாழ்வு நேர்வதுண்டு. எனினும், நாடக மேடையில் மௌனம் பாத்திரத்திற்கு உரியது. இங்கு அஃது இயந்திரத்திற்கு உரியது. இவ்வேறுபாட்டைத் தொழில்நுட்பக் குறை என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. தாழ்வு முற்றிலும் நீங்கினும், பேசாதிருக்கக் காரணமுடைய பாத்திரம் அமையாதவரை குறை நீங்காது.

சொல்லும் செயலும்

அரிஸ்டாட்டில் பாத்திரப் பண்பினும் கதைக்கோப்பினை முதன்மையாகக் கொண்டார். இந்நிரலிலும் பாத்திரம் பின்தொடர்தல், சினந்து தாக்குதல், மன்னித்தல் போன்ற சில செயல்களுக்கு வழியுண்டு. ஆயினும், விளையாட்டின் மூலக்கதை பெரிதும் முன்னரே வரையப்பட்ட வழியிலேயே செல்கிறது. ஊரைக் காப்பேன் என்று உரையாடலில் உறுதிகூறிய பாத்திரம், அவ்வுறுதியால் கதையில் எதையும் இழப்பதோ பெறுவதோ இல்லை. விளைவற்ற சொல் எத்துணை அழகாயினும் வாக்குறுதியாகாது. ஃபசாட்டின் மாந்தர் பேசியது குறைவே. எனினும், விருந்தினரின் ஒரு சொல் அவர்தம் மணவாழ்வின் போக்கை மாற்ற வல்லதாக இருந்தது. அவ்வகையில் பழைய படைப்பே நாடகத்திற்கு நெருக்கமானது எனலாம்.

குரல் யாருடையது?

இத்தகைய அமைப்புகளில் பாத்திரத்தின் குரல், மூல நடிகர்களின் பதிவுகளிலிருந்து செயற்கையாக ஆக்கப்படுவதுண்டு. நடிகர் ஒருபோதும் சொல்லாதவற்றை அவர் குரல் சொல்லுகிறது. 2024 ஜூலையில் அமெரிக்க விளையாட்டுத்துறைக் குரல் நடிகர்கள் மேற்கொண்டு, 2025இல் ஒப்பந்தத்தோடு முடிவுற்ற வேலைநிறுத்தத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு எதிரான பாதுகாப்பே தலையாய கோரிக்கையாக இருந்தது. ஆகவே, இசைவு என்பது படைப்பிற்குப் புறம்பான சட்டச் சிக்கலன்று. கூற்றுக்கு உரியவர் யார் என்னும் பழைய வினாவே புதிய வடிவில் எழுந்துள்ளது.

தமிழ்ப் பாத்திரத்தை இவ்வாறு அமைக்க முற்படுவோர்க்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு. தமிழ் இரட்டை வழக்கு மொழி. தோட்டப்புறத்தில் வளர்ந்த மூதாட்டி ஒருவர் பாடநூல் தமிழில் விடையிறுப்பாராயின், அவர் வாழ்ந்த வாழ்வே அழிக்கப்பட்டதாகும். வட்டார வழக்கும் விளிப்பெயரும் பாத்திரத்தின் மேற்பூச்சல்ல, அவையே பாத்திரம்.

முடிவுரை

மேற்கண்டவற்றான், மெய்நிகர் மாந்தர் பேச்சாற்றல் பெற்றுள்ளனரேனும் கூற்றுக்கு உரியோராக இன்னும் முழுமை பெறவில்லை என்பது தெளிவாகும். இதனால் எழுத்தாளன் தேவையற்றவனாகிவிட்டான் என்பார் கூற்று பொருந்தாது. பாத்திரக் குறிப்பை எழுதுவோனே இங்கு ஆசிரியன். அவன் பாத்திரம் அறிந்தவற்றை அடுக்குவதோடு அமையாது, அஃது எதனை அறியாது, யாரிடம் பேசாது, எதனைக் கேட்டால் பேச்சை மாற்றும் என்பனவற்றையும் வரைதல் வேண்டும். நடிகரின் இசைவைப் பெறுதலும், சொல்லைக் கதையின் விளைவோடு பிணைத்தலும் அதனினும் இன்றியமையாதன. கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் பாத்திரம் நமக்கு ஏவலாளாகலாம். மறுக்கத் தெரிந்த பாத்திரமே மாந்தராக வாழும்.