நான்கு கோடுகள்

உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பார். மார்கழித் திருவாதிரையையொட்டித்தான் காப்பைக் களைவார்கள். கூட்டத்தில் நெருக்குண்டு அந்தப் பச்சைக்காகக் காத்திருக்கையில் எனக்கு ஆய்வகத்தில் கிடைக்கும் இன்னொரு தரிசனமும் நினைவுக்கு வரும்.

உடலில் தோன்றும் ஹைட்ராக்சில் என்ற ஃப்ரீ ரேடிக்கலின் ஆயுள் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதிலுள்ள ஓர் எலக்ட்ரானுக்கு இணை இல்லை. பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொண்டு மறைந்துவிடும். அதைப் பிடிக்க டி.எம்.பி.ஓ. என்னும் சிறு மூலக்கூறைக் கலந்து வைக்கிறார்கள். ரேடிக்கல் அதில் ஒட்டிக்கொண்டால் நிமிடக்கணக்கில் நிற்கும். பிறகு காந்தப்புலத்தில் வைத்து மைக்ரோ அலையைச் செலுத்துவார்கள். 1944இல் கசான் நகரில் சவோய்ஸ்கி கண்ட ஈ.பி.ஆர். முறை இது. திரையில் நான்கு கோடுகள் எழும்: ஓரங்களில் இரண்டு குட்டை, நடுவில் இரண்டு நெட்டை, 1:2:2:1. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத கோலம்!

உயிருள்ள செல்லில் இது எளிதல்ல. செல்லே அந்த அடையாளத்தை அழித்துவிடும். மண்டபம் கடற்கரையின் கடற்பாசிச் சாறு, சோதனைக் குழாயில் டி.பி.பி.எச். என்ற ரேடிக்கலை அடக்கி அதன் ஊதாவை மஞ்சளாக்குவதும் அழகுதான். ஆனால் அந்த ரேடிக்கல் உடலில் இல்லாதது.

மரகதத்துக்குப் பச்சை தரும் குரோமியத்திலும் இணையற்ற எலக்ட்ரான்கள் மூன்று உண்டு. அதே கருவி அவற்றையும் காட்டும்.