ஆறு ஊர், முப்பது ஏவுகணை

போன மாதம் எங்கள் வாசிப்புக் கூட்டம் முடிந்து வழக்கம்போல மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அன்று பேசிய நாவலின் கடைசியில் வரும் மரணம் தவிர்க்க முடியாததா, இல்லை எழுத்தாளர் வலிந்து திணித்ததா என்று வாக்குவாதம். நடுவில் ஒரு தம்பி, கணினித்துறையில் படிப்பவர், "அண்ணே, வீடியோ கேம்லயும் டிராஜெடி இருக்கு. நீங்கதான் வெளையாடிப் பாக்கறதில்ல" என்றார்.

நான் யோசிக்காமல் சொன்னேன். "டிராஜெடின்னா திரும்பி வர முடியாத எடம்டா. கேம்ல செத்தா இன்னொரு காசு போட்டுக்கலாம். இன்னொரு காசு இருக்கற எடத்துல என்னடா டிராஜெடி?"

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். வாதத்தில் ஜெயித்த திருப்தியில் தே தாரிக்கைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

தம்பி விடவில்லை. மறுநாள் வாட்ஸப்பில் ஒரே ஒரு பெயரை அனுப்பினார்: மிசைல் கமாண்ட். 1980இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ஆர்கேட் ஆட்டம். பழைய ஆட்டங்களின் தொகுப்பு ஒன்றில் அதைப் பிடித்து மூன்று வாரமாக விளையாடுகிறேன். அன்று மாமாக் கடையில் நான் சொன்னதில் பாதியை இந்தக் கட்டுரையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதியை ஏன் விடவில்லை என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம். திரையின் அடியில் ஆறு ஊர்கள், சின்னச் சின்னக் கட்டடங்களாக. இடது, நடு, வலது என்று மூன்று ஏவுதளங்கள். ஒவ்வொன்றிலும் 10 ஏவுகணை. ஆக மொத்தம் 30. மேலிருந்து கோடு கோடாக எதிரி ஏவுகணைகள் இறங்குகின்றன. அசல் இயந்திரத்தில் ஜாய்ஸ்டிக் கிடையாது; பலகையில் பதித்த ஒரு பந்தை உள்ளங்கையால் உருட்டிக் குறியை நகர்த்த வேண்டும். மூன்று தளங்களுக்கு மூன்று பொத்தான்கள். அழுத்தினால் ஏவுகணை கிளம்பிப் போய்க் குறி வைத்த இடத்தில் வெடிக்கும். வெடிப்பு வட்டமாக விரிந்து பிறகு சுருங்கும். அந்த வட்டத்துக்குள் நுழையும் கோடு அழியும். ஆகவே கோடு இப்போது இருக்கும் இடத்தில் சுட்டால் பயனில்லை. அது வரப்போகும் இடத்தில் சுட வேண்டும்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஏவுதளங்கள் மறுபடி நிரம்பிவிடும். ஊர்கள் நிரம்பாது. போன ஊர் போனதுதான். குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டால் ஓர் ஊர் திரும்பக் கிடைக்கும், ஆனால் சுற்றுகள் ஏற ஏற கோடுகளின் வேகமும் எண்ணிக்கையும் அதைவிட வேகமாக ஏறும். வழியிலேயே பல கிளையாகப் பிரியும் ஏவுகணைகள் வரும். வெடிப்பைக் கண்டால் விலகிப் போகும் குண்டுகளும் வரும். ஒருநாள் ஆறு ஊரும் போகும். இந்த ஆட்டத்தில் 'வென்றுவிட்டாய்' என்று சொல்லும் திரை கிடையாது.

இதை உருவாக்கியவர் டேவ் தியூரர். அட்டாரியில் அதற்குமுன் அவர் செய்திருந்தது ஒரு கால்பந்து ஆட்டம். கூட இருந்து நிரல் எழுதியவர் ரிச் ஆடம். ஏவுகணைகள் வரும், தடுக்க வேண்டும் என்ற யோசனை மேலதிகாரிகளிடமிருந்து வந்ததுதான். தியூரர் அதை எடுத்துக்கொண்டபோது ஒரு நிபந்தனையில் உறுதியாக நின்றார்: ஆடுபவர் தற்காப்பு மட்டுமே செய்வார். எதிரியின் ஊர் திரையில் இருக்காது. திருப்பி அடிக்க ஒரு பொத்தான்கூட இருக்காது.

அது என்ன காலம் என்று நினைத்துப் பாருங்கள். பனிப்போர். அட்டாரி இருந்தது கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரத்தில். அதே சன்னிவேலில்தான் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் அணு ஏவுகணைகளைச் செய்த லாக்ஹீட் நிறுவனத்தின் பிரிவும் இருந்தது. பக்கத்திலேயே மொஃபெட் ஃபீல்ட், கடற்படையின் விமானத்தளம். அணு ஏவுகணையும் அதைப் பற்றிய ஆட்டமும் ஒரே ஊரில் தயாராகிக்கொண்டிருந்தன. போர் வந்தால் முதலில் குறி வைக்கப்படும் இடங்களில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு தியூரர் நிரல் எழுதியிருக்கிறார்.

ஆரம்பத் திட்டத்தில் அந்த ஆறு ஊர்களுக்குப் பெயர் இருந்தது. யுரேக்கா, சான் பிரான்சிஸ்கோ, சான் லூயிஸ் ஒபிஸ்போ, சாண்டா பார்பரா, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ. வடக்கிலிருந்து தெற்காகக் கலிபோர்னியாவின் கரையோரம். வெளிவந்த ஆட்டத்தில் பெயர்கள் இல்லை. எந்த நாடு யாரைத் தாக்குகிறது என்பதும் இல்லை. பெயரை எடுத்தது எனக்குச் சரியாகப் படுகிறது. பெயர் இருந்திருந்தால் அது அமெரிக்கர்களின் பயமாக மட்டும் நின்றிருக்கும். பெயரில்லாத ஊர் என்பதால் விளையாடுபவர் தன் ஊரை அங்கே வைத்துக்கொள்கிறார். நானும் வைத்துக்கொண்டேன்.

ஆட்டத்தின் பெயரும் மாறியது. முதலில் வைக்க நினைத்தது ஆர்மகெடான், விவிலியத்தில் வரும் இறுதிப் போர்க்களத்தின் பெயர். யாருக்கும் எழுத்துக்கூட்டத் தெரியாது என்று நிறுவனம் அதை மறுத்துவிட்டது. வெட்டப்பட்டது பெயர் மட்டுமல்ல. ஊர்களிலிருந்து தளங்களுக்கு ஏவுகணை ஏற்றிச் செல்லும் ரயில் பாதை முதலில் இருந்தது, போய்விட்டது. இயந்திரத்தின் மேற்பகுதியில் தளங்களின் நிலையைக் காட்ட விளக்குப் பலகை ஒன்று வைத்திருந்தார்கள். நிமிர்ந்து அதைப் பார்த்தால் திரையில் நடப்பது தவறிப்போகிறது என்பதால் அதையும் எடுத்துவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது வானம், தரை, நடுவில் கோடுகள். சிறுகதை எழுதுகிறவர்கள் இந்த வெட்டுகளைக் கொஞ்சம் யோசிக்கலாம். நம்மில் பலர் அந்த ரயில் பாதையை விடமாட்டோம். அதற்காக ஆராய்ச்சி செய்திருப்போமே!

இதைச் செய்துகொண்டிருந்த காலத்தில் தியூரருக்குக் கெட்ட கனவுகள் வந்தன. மலைமேல் நிற்கிறார். ஏவுகணையின் கோடு இறங்குவது தெரிகிறது. வெடிப்பின் அலை தன்னிடம் வந்துசேர இன்னும் சில நொடிதான் என்றும் தெரிகிறது. வியர்த்து விழித்துக்கொள்வார். ஆட்டம் முடிந்து வெளியே போன பிறகும் ஆறு மாதம் அந்தக் கனவு விடவில்லை என்று பின்னால் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அடுத்து அவர் செய்த டெம்பெஸ்ட் ஆட்டமும், தரையிலிருக்கும் ஒரு துளையிலிருந்து பூதங்கள் ஏறிவரும் கனவிலிருந்து வந்ததுதான்.

படைப்பாளி பட்ட வேதனையை வைத்துப் படைப்புக்கு மதிப்பெண் போடும் பழக்கம் நமக்கு உண்டு. அழுதுகொண்டே எழுதினேன் என்று முன்னுரையில் சொன்ன எத்தனையோ மோசமான நாவல்களைப் படித்திருக்கிறேன். அதனால் கனவுகளை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அந்தப் பயம் ஆட்டத்துக்குள் என்னவாக மாறியது என்பதுதான் விமர்சகனுக்கு வேலை.

இரண்டாவது வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது ஓரளவு கை பழகியிருந்தது. ஒரு சுற்றில் இடது தளம் அடிவாங்கிவிட்டது. அதிலிருந்த ஏவுகணை எல்லாம் போச்சு. நடுவில் நான்கு, வலதில் ஆறு. இடது ஓரத்து ஊரை நோக்கி ஒரு கோடு, வலது பக்கத்தில் இரண்டு ஊர்களை நோக்கி மூன்று கோடு. கை தானாகவே வலது பக்கம் போனது. வாய், யாருமில்லாத அறையில், "அது போனா போகட்டும்" என்றது. இடது ஊர் வெடித்தது. வலதில் இரண்டும் தப்பித்தன. சுற்று முடிந்தது. மிஞ்சிய ஏவுகணைகளை 'டிக் டிக்' என்று எண்ணிப் புள்ளி போட்டார்கள். பிறகு மிஞ்சிய ஊர்களையும் அதேபோல எண்ணிப் புள்ளி போட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல முடிவு எடுத்தோம் என்ற சந்தோஷம்.

அப்புறம்தான் அந்த வாக்கியம் காதில் விழுந்தது. அது போனா போகட்டும். ஓர் ஊரைப் பற்றி நான் சொன்னது.

இந்த ஆட்டம் செய்வது இதுதான் என்று நினைக்கிறேன். போர் தீது என்று அது ஒரு வரிகூடச் சொல்வதில்லை. நல்ல நோக்கத்தோடு, காப்பாற்ற மட்டுமே வந்த ஒருவனைப் பத்து நிமிடத்தில் ஊர்களைக் கணக்குப் பார்க்கிறவனாக மாற்றிக் காட்டுகிறது. அதையும் பாத்திரத்தின் வாயால் சொல்லவில்லை, என் கையாலேயே செய்ய வைக்கிறது. நம் கதைகளில் போரோ கலவரமோ வந்தால் கடைசிப் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து மனிதநேயம் பற்றி நாலு வரி பேசுவார். வாசகனும் 'நான் நல்லவன்' என்று புத்தகத்தை மூடிவிடலாம். தியூரரின் ஆட்டம் அந்த வசதியைத் தருவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. அதை அந்தத் தம்பியே கேட்டார். "அண்ணே, அந்தக் காலத்து ஆர்கேட் கேம் எதுலயுமே ஜெயிக்க முடியாதே. மெஷின் வச்சிருக்கறவனுக்கு வருமானம் வேணாமா? சீக்கிரம் சாவடிச்சாத்தான் அடுத்த காசு விழும்." உண்மை. 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எத்தனை வரிசையை அழித்தாலும் அடுத்த வரிசை வரும். 1980இல் வந்த பேக்-மேனும் ஒரு முடிவை வைத்துச் செய்ததல்ல. தோல்வி என்பது அந்தத் தொழிலின் அடிப்படை. அப்படியானால் மிசைல் கமாண்டில் நான் கண்ட துயரம், 25 காசு அமெரிக்க நாணயத்தை அடிக்கடி பறிக்கும் தந்திரம் மட்டும்தானா?

இதை நிறைய யோசித்தேன். என் பதில் இது. வணிகம் போட்ட அந்தக் கட்டாயத்தை எல்லாரும் ஏற்றார்கள். தியூரர் மட்டும் அதை அர்த்தமாக மாற்றினார். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் நான் தோற்பது என் கைவேகம் போதாததால். தோல்விக்கும் கதைக்கும் தொடர்பில்லை. அணுப்போரிலோ தோல்விதான் கதை. எத்தனை நன்றாகத் தடுத்தாலும் கடைசியில் ஒன்று உள்ளே வரும் என்பது அந்தக் காலத்து மனிதர்கள் அறிந்த உண்மை. இயந்திரத்தின் விதியும் உலகத்தின் நிலையும் ஒரே இடத்தில் வந்து நின்றன. எதுகைக்காகத் தேடிய சொல்லே பாட்டின் பொருளையும் தாங்கி நிற்பதில்லையா, அந்த மாதிரி.

அது அவருக்குத் தெரிந்தே நடந்தது என்பதற்குக் கடைசித் திரை சாட்சி. ஆறு ஊரும் போனதும் திரை நடுவில் ஒரு பெரிய வெடிப்பு விரிகிறது. அதற்குள் இரண்டு சொற்கள்: தி எண்ட். மற்ற இயந்திரங்கள் 'கேம் ஓவர்' என்றன. அது ஆட்டம் முடிந்தது, அடுத்தவர் வரலாம் என்று சொல்லும் கடைக்காரர் குரல். 'முடிவு' என்று சொல்வது வேறு குரல். எது முடிந்தது என்று அது சொல்வதில்லை.

இதே விதிகள் வேறு கதைக்குள் போனால் என்னவாகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1981இல் வீட்டில் விளையாடும் அட்டாரி 2600க்கு ராப் ஃபுலோப் இதை மாற்றி எழுதினார். பல லட்சம் வீடுகளுக்குப் போன பதிப்பு. அதன் கையேட்டைத் திறந்தால், க்ரைடால் கிரகத்து வேற்றுலகவாசிகள் ஸார்டன் என்ற கிரகத்தைத் தாக்குகிறார்கள் என்று இருக்கிறது. கோடுகள் அதே கோடுகள், ஆறு ஊரும் அதே ஆறு ஊர். பயம் மட்டும் வேறு கிரகத்துக்குக் குடிபோய்விட்டது. வடிவம்தான் எல்லாம், உள்ளடக்கம் பொருட்டல்ல என்று வாதிடும் நண்பர்கள் இந்த இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இப்போது நான் விட்டுக்கொடுக்காத பாதி. முடிவு என்று எழுதிக்காட்டிய பிறகு, புள்ளி போதுமான அளவு இருந்தால், இயந்திரம் உன் பெயரின் முதலெழுத்துகளைக் கேட்கிறது. மூன்று எழுத்து. பந்தை உருட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். உலகம் அழிந்துவிட்டது, பட்டியலில் நீ மூன்றாவது. இதை ஒரு கசப்பான நகைச்சுவையாக வாசிக்க முடியும். ஆனால் வேறு இயந்திரங்களிலும் பட்டியல் இருந்தது, இதிலும் இருக்கிறது. இந்த இடத்தில் மட்டும் கலைஞர் ஒதுங்கிக் கடைக்காரர் முன்னால் வந்துவிட்டார் என்பதே என் எண்ணம். அந்த இரண்டு சொற்களோடு திரை இருண்டிருந்தால் மாமாக் கடையில் நான் சொன்னதை முழுசாகவே திரும்பப் பெற்றிருப்பேன்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. "பேரு கேக்கறதுதாண்ணே பயங்கரம். நீங்க போட்டீங்களா, இல்லையா?"

போட்டேன். மூன்று எழுத்தையும் பொறுமையாகத் தேடித் தேடிப் போட்டேன்.